வான் பார்த்தல்

மழையை நம்பி விதைக்கும் நிலத்தை வானம் பார்த்த பூமி என்பது தமிழ் வழக்கு. புரட்டாதி மாதத்திலே வன்னிக் கமக்காரன் அண்ணாந்து நோக்கும் அந்த வானைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. இன்று நம்மூர்களில் நிகழும் வான் பார்த்தல் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையிலே நாலைந்து ஆண்கள் ஒரு வீட்டு முற்றத்திற் கூடுவர். அங்கே கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருக்கும் வெள்ளை வானொன்றைச் சுற்றிச் சுற்றி வருவர். ஒருவர் ரயரைக் காலால் உதைப்பார். ஒருவர் கதவை அடித்துச் சாத்திக் காதைக் கொடுத்துக் கேட்பார். பின்னர் தேநீர் வரும். தேநீர் வந்தபின் குறை சொல்லுதல் நாகரிகமன்று என்பது போல, எல்லாருடைய பேச்சும் விலைக்குத் திரும்பிவிடும்.

இத்தகைய வான் பார்த்தல்கள் பலவற்றுக்கு நானும் துணையாகப் போயிருக்கிறேன். பெண் பார்க்கும் சடங்கை ஒத்தது இது என்று நகைப்பவர் உண்டு. பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையின் தாயாவது உடன் போவாள். வான் பார்க்கப் போகும்போது அவளையும் வீட்டில் விட்டுவிட்டே போகிறோம். அந்த வானிலே ஆயுள் முழுவதும் பின்னாசனத்தில் இருந்து பயணம் செய்யப்போகிறவள் அவளே என்பதை ஒருவரும் நினைப்பதில்லை. குடும்பத்துக்கென்று வாங்கும் பாவித்த வானை நாம் தவறான ஆசனத்திலிருந்து பார்க்கிறோம் என்பதே என் கருத்து.

வான் பார்க்கச் செல்வோர் முதலிற் கேட்கும் கேள்வி யாது? 'நாளைக்கு விற்றால் என்ன விலை போகும்?' என்பதே. வாங்கும் முன்னரே விற்பதைப் பற்றி எண்ணும் இந்த விந்தை காரணமின்றி வந்ததன்று. அந்நியச் செலாவணி முடையினால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து வருடங்களில், தேய்ந்து நைய வேண்டிய வண்டிகள் தேயத் தேய விலை ஏறின. வங்கியில் இட்ட பணம் பணவீக்கத்தாற் கரைந்துபோக, முற்றத்தில் நின்ற வான் மாத்திரம் பெறுமதி குறையாது நின்றதைக் கண்டவர்கள், அதனை நகையைப் போலவும் காணியைப் போலவும் மதிக்கத் தலைப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் நகைக்கு உரைகல் போதும். நான்கு சில்லுகளில் மணிக்கு அறுபது எழுபது கிலோமீற்றர் வேகத்தில் மனிதரைச் சுமந்து செல்வதை உரைத்துப் பார்ப்பதற்கு வேறு கல் வேண்டும்.

வடபகுதியார்க்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்திலே நமக்குப் படிந்தது. பெற்றோலும் டீசலும் அரிதாகிவிட்ட அந்நாட்களில் மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள் ஓடியது. ஏ-40 ஓஸ்டினும் மொறிஸ் மைனரும் ஓடின. இயந்திரத்தை உசுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, உசும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெண்புகை கக்கக் கக்க ஓட்டிய கைத்திறனை இன்றும் பெருமையோடு நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சேர்த்தவை அந்த வண்டிகளே. ஆயின், 'ஓடினாற் போதும்' என்ற அக்கால நியாயம் நம் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை. வான் ஓடுகிறதா? ஓடுகிறது. விற்றால் விலை போகுமா? போகும். இந்த இரண்டு கேள்விகளோடு பரிசோதனை முடிந்துவிடுகிறது. யார் அதிலே இருக்கப்போகிறார் என்ற மூன்றாவது கேள்விக்கு இடமேயில்லை.

நம் நாட்டிலே குடும்ப வான் என்றால் பெரும்பாலும் டொயோட்டா ஹைஏஸ். அதிலும் 'டொல்பின்' என்று நம்மவர் செல்லப்பெயர் இட்டழைக்கும் பழைய வார்ப்பு; அல்லது அதற்குப் பின் 2004 முதல் வந்து 'கே.டீ.எச்.' என்று வழங்கும் வார்ப்பு. இவற்றின் உழைப்பைப் பழித்துப் பேச எனக்கு நாவில்லை. ஒரு காலத்தில் கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஆளையும் தேங்காயையும் வாழைக்குலையையும் ஒருங்கே சுமந்து சென்ற தட்டிவானின் வாரிசு இவையே. கலியாணம், செத்தவீடு, கதிர்காம யாத்திரை, கட்டுநாயக்காவில் வெளிநாட்டுப் பிள்ளையை ஏற்றிவரப் போகும் இராப்பயணம் ஆகிய யாவற்றுக்கும் இவையே கதி. ஆனால் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். இவற்றுட் பல, ஜப்பானிலே பொருள் ஏற்றும் வண்டிகளாகப் பிறந்தவை. அங்கே பெட்டிகளையும் கருவிகளையும் சுமந்த தளத்தின்மேல் இங்கே ஆசனங்களைப் பூட்டி, சீலை போர்த்து, குடும்ப வான் ஆக்கியிருக்கிறோம். இந்த உண்மையை மனத்தில் வைத்துப் பார்த்தால், பரிசோதனை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் காதுள்ள மெக்கானிக்குகள் ஊர்தோறும் இருக்கிறார்கள். காலையிலே, வான் இரவு முழுதும் நின்று குளிர்ந்திருக்கும் வேளையிலே போக வேண்டும். ஹைஏஸின் இயந்திரம் முன்னாசனத்தின் கீழே இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கி மூடியிலே கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், விற்பவர் நாம் வருமுன்னரே அதை உசுப்பி வைத்திருக்கிறார் என்பது பொருள். குளிரிலே உசும்பச் சிரமப்படும் டீசல் இயந்திரம் தன் முதுமையைத் தானே ஒப்புக்கொள்வது அந்த முதல் அரை நிமிடத்தில் மட்டுமே. நீலம் படர்ந்த புகை தொடர்ந்து வருமாயின் ஒயில் எரிகிறது. வெண்புகை விடாது வந்தால் நீரோ, எரியாத டீசலோ என்று ஆராய வேண்டும். குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து நீரில் ஒயிற் படலம் மிதக்கிறதா என்று நோக்குதல் நன்று. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க மறக்கலாகாது. இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த றப்பர்ப் பட்டி ஓட்டத்தில் அறுமாயின், வால்வுகள் முட்டி வளைந்து இயந்திரத்தின் தலையையே கழற்ற வேண்டி வரும்.

கிலோமீற்றர் காட்டும் இலக்கத்தை நான் பொருட்படுத்துவதில்லை. அது மனிதர் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. எண்பது ஆயிரம் என்று அது சொல்லும். பிறேக் மிதியின் றப்பரோ வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரியும். சாரதி ஆசனத்தின் ஓரம் ஏறி இறங்கிக் கிழிந்திருக்கும். சுக்கானின் தோலோ கண்ணாடிபோல் மின்னும். வழுக்கும் கதவின் உருளை தேய்ந்து, கதவு இழுக்கும்போது கீழே சாய்ந்தால், அது நாளுக்குப் பலமுறை திறந்து மூடிய பாடசாலை வானாகவோ வாடகை வானாகவோ இருந்திருக்கும். உழைத்தது குற்றமன்று. உழைக்கவில்லை என்று சொல்வதுதான் குற்றம். எண்பலகையின் இலக்கத்தை வைத்து வயதைக் கணிப்பவர்களும் ஏமாறுகிறார்கள். அது இலங்கையிற் பதிவான காலத்தைச் சொல்லுமேயன்றி ஜப்பானிற் பிறந்த ஆண்டைச் சொல்லாது. அண்மைக்கால வார்ப்பாயின், ஜப்பானிய ஏலத்தில் எழுதிய தாள் உண்டா என்று கேட்கலாம். அன்றைய கிலோமீற்றரும் அடிபட்ட வரலாறும் அதிலே இருக்கும்.

இனி இரும்பு. இதிலே சற்று நின்று பேச வேண்டும். நாம் கடல் சூழ்ந்த மக்கள். பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குத் தினமும் போய்வரும் வானும், ஆனையிறவு உப்புக் காற்றில் நிற்கும் வானும், மீன்பெட்டி ஏற்றக் கடற்கரை மணலில் இறங்கிய வானும் வெளியே பளபளக்க, உள்ளே அரிக்கப்படுகின்றன. உப்பு நீர் மேலே பெயின்ரைத் தொடுமுன் கீழே மடிப்புகளிற் புகுந்துவிடும். ஆகவே வெயில் ஏறுமுன் ஒரு பாயை விரித்து வானின் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை வேட்டியோடு வந்த பெரியவர்கள் இதைச் செய்யார். அடிச்சட்டகத்தை (செசி என்று பட்டறையிற் சொல்வது) சிறு சுத்தியலாலே தட்டிப் பார்த்தால், நல்ல இரும்பு கணீர் என்னும். உளுத்தது மந்தமாய்ச் சத்தமிடும். புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் மகிழ வேண்டாம்; ஏன் பூசினார் என்று கேட்க வேண்டும். காந்தத் துண்டொன்றைக் கைக்குட்டையிற் சுற்றிக் கதவின் அடிப்புறத்திலும் சில்லு வளைவுகளிலும் நகர்த்தினால், இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும். ரிங்கர்மார் பள்ளம் நிரப்பப் பூசிய பசை தடித்திருக்கும் இடத்தில் நழுவி விழும். எட்டணாக் காந்தம் சொல்லும் உண்மையை எட்டுப் பேரின் பேச்சுச் சொல்லாது.

வெள்ளம் மற்றொரு பகை. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2018ஆம் ஆண்டு டிசம்பரிலே கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோதும் நீரிலே நின்ற வண்டிகள் பின்னர் எங்கே போயின? கழுவி உலர்த்தி விற்கப்பட்டன. அவை இன்றும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆசனப்பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால், சுருளின் அடியிலே சேற்றுக் கறை இருக்குமாயின் அது சொல்லிவிடும். ஆசனங்களின் தண்டவாளத்திலும், தரைவிரிப்பின் கீழும், விளக்குக் கண்ணாடிக்குள்ளும் மண் ஒளிந்திருக்கும்.

பத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். பதிவுச் சான்றிதழிலே அடிச்சட்டக இலக்கமும் இயந்திர இலக்கமும் உண்டு. இரண்டையும் வண்டியிலே உள்ள இலக்கங்களோடு, ரோச் லைற் அடித்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். இலக்கம் வெட்டிய இடத்தைச் சுற்றி உரஞ்சிய அடையாளமோ ஒட்டுவேலையோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பி நடக்க வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஓப்பன் பேப்பர்' என்ற வழக்கம் நம் பகுதியிலே மிகுதி. விற்றவர் வெற்றுப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விடுகிறார். வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றாமலே இன்னொருவருக்கு விற்கிறார். மூன்றாங்கை நாலாங்கை மாறியபின், விபத்தொன்று நேர்ந்தால் பொலிசார் தேடிப்போவது ஏட்டிலுள்ள முதலாமவரை. விற்கிறவருக்கும் இதிலே ஆபத்து, வாங்குகிறவருக்கும் ஆபத்து. ஆயினும் மாற்றக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதாகவே இருவரும் எண்ணுகிறார்கள். நாரஹேன்பிட்டவிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலே கட்டணம் செலுத்தி ஏட்டு விபரத்தைப் பெறாது முற்பணம் கொடுப்பது பேதைமை.

இவ்வளவும் அறிந்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. இவற்றையெல்லாம் சோதித்து நல்ல வான் என்று முடிவுகட்டிய பின்பும் தவறு செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன். என் மைத்துனரும் அவர்களில் ஒருவராகப் போயிருப்பார்.

பத்து வருடச் சேமிப்போடு மனைவியின் நகைகளையும் அடகு வைத்துச் சேர்த்த பணம் அவருடையது. சாவகச்சேரிக்கு அண்மையில் ஒரு டொல்பின் விலைக்கு நிற்பதாக அறிந்து என்னையும் ஒரு மெக்கானிக்கையும் அழைத்துப் போனார். இயந்திரம் நன்றாகவே இருந்தது, குறைகூற இடமில்லை. மெக்கானிக் பெரிதும் மெச்சினார். இலக்கங்கள் ஒத்தன. ஏட்டிலே கடன் இல்லை. நாங்கள் மூவரும் முன்னாசனத்தில் நெருங்கி இருந்து கொடிகாமம் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினோம். மைத்துனர் முற்பணத்தை எடுக்கச் சட்டைப் பையிலே கைவிட்டார். நான்தான் தடுத்தேன். பெரிய ஞானம் ஒன்றினாலும் அன்று. அவருடைய தாயார், என் மாமி, எழுபத்தெட்டு வயதினர், முழங்கால் மடியாதவர். அவரால் இதில் ஏற முடியுமோ என்ற ஐயம் மாத்திரமே எனக்கு இருந்தது. நாளைக்கு மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டுவோம் என்றேன். விற்பவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "கிழவிக்கு என்னண்ணை வானைப் பற்றித் தெரியும்?" என்று சிரித்தார். மைத்துனருங்கூடச் சற்று வெட்கப்பட்டார்.

மறுநாள் மாமி வந்தார். படி உயரம். பேரன் பின்னால் தாங்க, மருமகள் முன்னால் இழுக்க, ஒருவாறு ஏறி மூன்றாவது வரிசையிலே போய் இருந்தார். இரண்டாவது வரிசையிலே பிள்ளைகள். கண்ணாடிகளைப் பூட்டிக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு மீண்டும் கொடிகாமம் நோக்கி ஓடினோம். முன்னே இருந்த எங்களுக்கு நேற்றைப் போலவே எல்லாம் சுகம். மீசாலை தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, எனக்குத் தலை இடிக்குது. புகை மணக்குது. உங்களுக்கு மணக்கேல்லையோ?"

எங்களுக்கு மணக்கவில்லை. முன்னே இருப்பவருக்கு மணப்பதில்லை, அதுதான் சங்கதி. வண்டியை ஓரம் கட்டி மூன்றாவது வரிசையின் கீழே விரிப்பைத் தூக்கினோம். தளம் உள்ளங்கை அகலத்துக்கு உக்கிப் போய், அதன்மேல் ஒரு தகரத் துண்டு வைத்து ஆணி அடித்து, விரிப்பை ஒட்டியிருந்தார்கள். கீழே புகைக்குழாயில் வெடிப்பு. பின்கதவின் றப்பரும் காய்ந்து வாய்பிளந்திருந்தது. ஓடும் வானின் பின்னே காற்றுச் சுழன்று புகையை உள்ளே இழுக்கும். கண்ணாடிகளைப் பூட்டினால் அது வெளியேற வழியில்லை. பெற்றோல் இயந்திரத்தைவிட டீசல் இயந்திரம் கக்கும் காபனோரொட்சைட்டு குறைவுதான். ஆனாலும் மூடிய அறையிலே எட்டு மணிநேரம் அந்தப் புகையை முகர்ந்தால் தலையிடியும் குமட்டலும் மயக்கமும் வராமற் போகா. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். இராப்பயணத்திலே பின்னாசனப் பிள்ளைகள் அசையாது தூங்கினால், 'களைத்துப் போச்சுதுகள்' என்று நாம் திருப்தியடைகிறோம். அத்தனையும் களைப்புத்தானா என்று அன்றைக்குப் பிறகு நான் ஐயுறத் தொடங்கினேன்.

தகரத்தைக் கண்ட பிறகு மற்றவற்றையும் பார்த்தோம். பின்னாசனங்களைத் தளத்தோடு பிணைத்த ஆணிகள் மெல்லிய தகட்டை மட்டும் பற்றியிருந்தன. கீழே தடித்த இரும்புத் தகடு வைத்து இறுக்கவில்லை. திடீரென்று மோதினால், ஆசனமும் அதிலிருப்பவரும் சேர்ந்தே முன்னால் வருவர். பட்டி ஒன்றேனும் இல்லை. முன்னாசனப் பட்டியைச் சட்டம் 2011ஆம் ஆண்டிலே கட்டாயமாக்கியது. அதனால் முன்னே பட்டி இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பர். தண்டப்பணத்துக்குப் பயந்து மாட்டும் பட்டி, பொலிசார் எட்டிப் பாராத பின்வரிசைக்கு எப்படி வரும்? பின்கதவை உள்ளே இருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது. இடப்புறத்து வழுக்குக் கதவு ஒன்றே வழி; வண்டி இடப்பக்கம் சரிந்து விழுந்தால் அந்த வழியும் மண்ணோடு போம். ரயர்களின் பூ நன்றாக இருந்தது. ஆனால் ரயரின் பக்கத்திலே பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு கிழமையையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும் என்பதை அறிந்து வாசித்தபோது, பின்னிரண்டு ரயர்களுக்கும் பதினொரு வயது என்று தெரிந்தது. பூத் தேயாத கிழட்டு ரயர் வெயிற் சூட்டிலே தோலுரிந்து வெடிப்பது A9 வீதியிலே பயணம் செய்வோர் அறியாத காட்சியன்று. பின் வில்லிலே அதிகப்படியாக ஒரு தகடு சேர்த்திருந்தார்கள்; முன்பு எதையோ பாரமாக ஏற்றிய வான் அது. முன்னே தெரியாத குலுக்கல் மாமியின் முதுகெலும்புக்குத் தெரிந்தது.

விற்பவர் கெட்டவரல்லர். "ஒரு தகரம் வடிவா அடிச்சா முடிஞ்சுது அண்ணை, விலையிலை கொஞ்சம் விட்டுத்தாறன்" என்றார். அந்த ஓட்டையை அவர் அறிந்தே இருந்தார். ஆனால் அதை ஒரு குறையாக அவர் எண்ணவே இல்லை. ஏனெனில் அவர் ஒருநாளும் மூன்றாவது வரிசையில் இருந்ததில்லை. அவருக்கு முன்பு அந்த வானை வைத்திருந்தவரும் இருந்திருக்கமாட்டார். நம் வீடுகளிலே வானுக்கு உரிமையாளர் எப்போதும் முன்னால் இருக்கிறார். குறைகளெல்லாம் பின்னால் இருக்கின்றன. பின்னால் இருப்பவர்கள் வாய் திறந்தால், 'வயித்தைப் பிரட்டுதெண்டால் எலுமிச்சங்காயை மணந்து கொண்டு இரு' என்பதே நாம் கொடுக்கும் மருந்து.

திருக்குறளிலே தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒருவனை ஆராய்ந்து பின் நம்புவதைப் பற்றியது. வானை ஆராயப் போகிறவர்கள் இறுதியிலே விற்பவரை ஆராய்ந்துவிட்டுத் திரும்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 'நல்ல மனிசன், கோயிற் காரியங்களிலை முன்னுக்கு நிக்கிறவர், பொய் சொல்லமாட்டார்.' இருக்கலாம். நல்ல மனிதருடைய வானிலும் இரும்பு உக்கும்.

என்னை நோக்கி ஒரு தடை எழுப்பலாம். நகையை அடகு வைத்து வாங்குகிறவன் பின்னாசனப் பட்டியையும் தளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால், வாங்கக்கூடிய வான் ஒன்றும் மிஞ்சாதே; பேருந்திலும் ஓட்டோவிலும் பிள்ளைகளை ஏற்றுவதிலும் இந்த வான் மேலல்லவா? இது வலிய தடை. வறுமை உள்ளவரை நோக்கிப் பாதுகாப்பைப் பிரசங்கிப்பது எளிது. ஆனால் நான் சொல்வது அதிக விலை கொடுக்கச் சொல்வதன்று. அதே பணத்தை வேறிடத்தில் வையுங்கள் என்பதே. புதிய பெயின்ருக்கும், அலங்காரச் சில்லுக்கும், பாட்டுப் பெட்டிக்கும், 'நல்ல இலக்கம்' என்ற எண்பலகைக்கும் நம்மவர் மறுபேச்சின்றிக் கூட்டிக் கொடுக்கும் பணத்திலே பாதி போதும். தளத்தை வெட்டி நல்ல தகட்டை ஒட்டி, ஆசனங்களை இறுக்கி, மூன்று புள்ளிப் பட்டிகளை உறுதியான இடத்திலே பூட்டி, புகைக்குழாயை மாற்றலாம். கீறல் விழுந்த வான் மலிவு. கீறலால் எவருக்கும் தலை இடிப்பதில்லை. மறுவிலைக்குக் கீறல்தான் பெருங்குறை என்பதனாலேயே, குடும்பத்துக்கு வாங்குகிறவனுக்கு அது பெருநயம்.

மைத்துனர் அந்த டொல்பினை வாங்கவில்லை. ஆறு கிழமை அலைந்தார். அந்த ஆறு கிழமையும் வீட்டிலே எனக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. கடைசியில் ஒரு மேளகாரர் குழு தம் வானை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். முந்தியதைவிட வயது கூடியது. பக்கமெல்லாம் கீறல், ஒரு கதவு வேறு நிறம். மாமி பின்னே ஏறி இருந்து, தளத்தைக் கைத்தடியால் தட்டினார். விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தளம் முழுவதும் முன்னரே மாற்றப்பட்டிருந்தது. ஆசனங்களின் கீழே தடித்த தகடு இருந்தது. ஏன் இவ்வளவு செலவு செய்தீர்கள் என்று தவில்காரரைக் கேட்டேன். திருவிழாக் காலத்திலே இரவிரவாகக் கோயிலுக்குக் கோயில் ஓடுகிறவர்கள் தாங்கள். சாரதியைத் தவிர எல்லாரும் பின்னாலேதான் படுத்துக்கொண்டு வருவோம் என்றார்.

மீந்த பணத்திலே பட்டறையில் பட்டிகள் பூட்டி, இடப்பக்கக் கதவடியிலே தாழ்வாக ஒரு படியும் வைத்தார்கள். கடந்த ஞாயிறு வல்லிபுரக் கோயிலுக்குப் போனோம். மாமி தாமாகவே ஏறிவிட்டார். பட்டியைக் கொளுவுவதற்குத்தான் இன்னும் பேரன் வேண்டியிருக்கிறது.